குளிர்க்கடல் பஞ்சுல இருந்து வைரஸ் எதிர்ப்பு மூலக்கூறு தேடுறது எப்படி: கடல்ல இறங்குறதுல இருந்து என்எம்ஆர் வரைக்கும் முழு வழிகாட்டி

வான்கூவர்ல இருந்து வடக்க கிளம்புனா அரை மணி நேரத்துல ஹவ் சவுண்ட் வந்துடும். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கருப்பும் பச்சையுமா கடல், கொஞ்சம் ஆழம் போனா தண்ணி எப்பவும் கைய விறைக்க வைக்கிற குளிர். அந்தக் கடல்ல பாறையில அப்பிக்கிட்டு வளர்ற ஃபோர்பாஸ்னு ஒரு கடற்பஞ்சு இருக்கு. அதுல இருந்து பிரிச்செடுத்த அலோட்டாகீட்டல் சி-ங்கிற மூலக்கூறு, மனுஷ நுரையீரல் செல்லுக்குள்ள கோவிட் வைரஸ் பெருகுறத நிறுத்துதுன்னு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆட்கள் 2023-ல பேப்பர் போட்டாங்க. 350-க்கும் மேல இயற்கை மூலக்கூறுகள சோதிச்சாங்க, அதுல 26 தொற்ற முழுசா தடுத்துச்சு, அந்த 26-லயும் ரொம்ப கம்மி அளவுலயே வேலை செஞ்சது 3 தான். அலோட்டாகீட்டல் போக மத்த ரெண்டும் (பாஃபிலோமைசின் டி, ஹோலிரைன் ஏ) கனடா கடல்ல கிடைச்ச பாக்டீரியாவோட சரக்கு.

இத படிச்சிட்டு "இந்த வேலைய எங்கிருந்து ஆரம்பிக்கறது"ன்னு கேக்குற எம்எஸ்சி, பிஎச்டி பசங்களுக்காக இத எழுதறேன். நான் இந்த வேலையில கத்துக்கிட்டது எல்லாம் மூணு கேள்விக்குள்ள அடங்கிடும். இது என்ன பஞ்சு, எங்க எப்ப எடுத்தது? வைரஸ் நின்னப்ப செல் உயிரோட இருந்துச்சா? நாளைக்கு இன்னும் கொஞ்சம் வேணும்னா கிடைக்குமா? இந்த மூணுல ஒண்ணுக்கு பதில் இல்லேன்னாலும் உங்க கையில இருக்கறது மருந்துக்கான ஆரம்பம் இல்ல, ஒரு குப்பி பசை, அவ்வளவுதான்.

குளிர் தண்ணிக்கு ஏன் போகணும்

பஞ்சுல இருந்து வைரஸ் மருந்துங்கிற கதையே வெதுவெதுப்பான தண்ணியில தான் ஆரம்பிச்சுச்சு. 1950-கள் தொடக்கத்துல வெர்னர் பெர்க்மன், ஃபுளோரிடா பக்கம் எடுத்த ஒரு பஞ்சுல வழக்கமான ரைபோஸ் சர்க்கரைக்கு பதிலா அரபினோஸ் ஒட்டுன நியூக்ளியோசைடுகள (டிஎன்ஏ, ஆர்என்ஏவ கட்டுற துண்டுங்க) பாத்தாரு. அந்த யோசனையில இருந்து தான் லுக்கேமியாங்கிற ரத்தப் புற்றுநோய்க்கு சைட்டராபைன் வந்துச்சு, ஹெர்பிஸுக்கு விடாராபைன் வந்துச்சு (அமெரிக்காவுல 1976-ல அனுமதி). அதனால ரொம்ப காலம் எல்லாரும் பவளப்பாறை பக்கமே ஓடுனாங்க, அங்க தான் மீன் கடிக்கும், அதனால பஞ்சு விஷம் சேர்த்து வச்சிருக்கும்னு ஒரு கணக்கு.

ஆனா குளிர்க்கடல்லயும் பஞ்ச தின்ன ஆள் இருக்கு. அன்டார்க்டிகாவுல நட்சத்திர மீன் திங்கும், வட பசிபிக்ல ஓடில்லாத கடல் நத்தை திங்கும். காட்லினாங்கிற நத்தை ஃபோர்பாஸ மேஞ்சு, அதோட கெமிக்கல தன் தோல்ல சேர்த்து வச்சிக்கும், அலோட்டாகீட்டலோட சொந்தக்கார மூலக்கூறான ஆன்செல்லோன் ஏ-வ 2010-ல அந்த நத்தையிலயும் பஞ்சுலயும் சேர்ந்தே தான் கண்டுபிடிச்சாங்க. ஒரு பிராணி இன்னொண்ணோட கெமிக்கல திருடி தன்ன காப்பாத்திக்குதுன்னா அந்த கெமிக்கலுக்கு ஏதோ வேலை இருக்குன்னு அர்த்தம், டைவிங் போறப்ப நான் பஞ்ச மட்டும் பாக்க மாட்டேன், பஞ்சு மேல யாரு உக்காந்திருக்காங்கன்னும் பாப்பேன்.

பழைய உதாரணங்களும் இருக்கு. நியூசிலாந்து ஒடாகோ துறைமுகத்துல எடுத்த மைகேலி பஞ்சுல இருந்து 1988-ல மைகாலமைடு ஏ, அன்டார்க்டிகாவோட கிர்க்பாட்ரிக்கியாவுல இருந்து 1994-ல வேரியோலின், அலாஸ்காவோட ஆழ்கடல் லட்ருங்குலியாவுல இருந்து 2010-ல ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிரா டிஸ்கோராப்டின் வகைகள். இதுல ரெண்டு கதை கீழ திரும்ப வரும், ரெண்டுமே பாடம்.

முதல் வேலை: அனுமதி

டைவிங் சூட்ட தொடறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஃபெடரல் மீன்வளத் துறை கிட்ட அறிவியல் சேகரிப்பு லைசென்ஸ் வாங்கணும், அதோட ஹவ் சவுண்ட் ஸ்குவாமிஷ் மக்களோட பாரம்பரிய கடல், அவங்க கிட்ட பேசாம இறங்குறது சரியில்ல, நான் இத ஒரு சம்பிரதாயமா சொல்லல, அந்த தண்ணிய தலைமுறை தலைமுறையா பாத்தவங்க கிட்ட இருந்து தான் எந்த இடம் மாறிப்போச்சு, எது அப்படியே இருக்குன்னு தெரிய வரும். அங்கயே கண்ணாடிப் பஞ்சுத் திட்டுகளும் இருக்கு, 1987-ல ஹெகேட் ஜலசந்தியில கண்டுபிடிக்கிற வரைக்கும் உலகத்துல அழிஞ்சே போச்சுன்னு நினைச்ச வகை, வளர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அந்தத் திட்டுங்கள்ல அடியில உரசுற மீன்பிடிப்புக்கே தடை. அத தொடவே தொடாதீங்க. வேற நாட்டுல எடுக்கறதா இருந்தா நகோயா ஒப்பந்தப்படி (2014-ல அமலுக்கு வந்தது) லாபப் பகிர்வு ஒப்பந்தம் தேவைப்படலாம். இந்த காகிதம் இல்லாம எடுத்த சாம்பிள்ல எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வந்தாலும் எந்த கம்பெனியும் தொடாது.

நம்ம ஊர்ல மன்னார் வளைகுடாவுல எடுக்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு: அது வெதுவெதுப்பான கடல், அதுலயும் தீவுங்கள சுத்தின பகுதி தேசிய பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது.

தண்ணிக்குள்ள

டிரை சூட் (உள்ள தண்ணி புகாத டைவிங் உடை) போட்டுக்கங்க, 8 டிகிரி தண்ணியில அரை மணி நேரம் இருந்தா விரல் வேலை செய்யாது, விரல் வேலை செய்யலேன்னா லேபிள் தப்பாகும். ஆர்டர் இது தான்: வெட்டறதுக்கு முன்னாடி போட்டோ (பக்கத்துல ஸ்கேல் வச்சு), அப்பறம் ஆழம், தண்ணி வெப்பம், பாறையா சேறா, யாரு பக்கத்துல இருக்கா. வெட்டறப்ப முழுசா பிடுங்காதீங்க, ஒரு ஓரத்த மட்டும் எடுத்துட்டு அடியை பாறையிலயே விட்டுடுங்க, பஞ்சுக்கு திரும்ப வளர்ற சக்தி உண்டு, ஆனா குளிர்ல அது ரொம்ப மெதுவா நடக்கும். முதல் சோதனைக்கு 50, 100 கிராம் ஈரப்பஞ்சே தாராளம். ஒரு பைக்கு ஒரே பஞ்சு, ரெண்டு பஞ்ச ஒரே பையில போட்டா ஒண்ணு விடுற சளி இன்னொண்ணுல ஏறிடும், அப்பறம் எந்த மூலக்கூறு யாரோடதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

படகுக்கு வந்ததும் மூணு பங்கு போடுங்க. பெரிய பங்கு ஐஸ்ல வச்சு அன்னைக்கே மைனஸ் 20 ஃப்ரீசருக்கு, முடிஞ்சா மைனஸ் 80. ஒரு சின்ன துண்டு 95 சதவீத எத்தனால்ல டிஎன்ஏவுக்கு. இன்னொரு துண்டு எத்தனால்லயே அடையாள சாம்பிளா, அதாவது வவுச்சரா. ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுடும்.

லேபிள பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும். நான் ஆரம்பத்துல மார்க்கர் பேனாவுல குப்பி மேல எழுதி வச்சிருந்தேன், எத்தனால் ஒரு சொட்டு கசிஞ்சு எழுத்து மொத்தமும் போயிடுச்சு, ஒரு முழு நாள் டைவிங்கோட சாம்பிள் என்ன ஏதுன்னு தெரியாம போச்சு, இன்னைக்கும் அத நினைச்சா வயித்த பிசையும். நீர் புகாத காகிதத்துல பென்சில்ல எழுதி குப்பிக்கு உள்ளயே போடுங்க. பென்சில் எத்தனால்ல அழியாது.

இது என்ன பஞ்சு?

கடற்பஞ்சு நிறத்தையும் உருவத்தையும் வச்சு பேர் சொல்றது ஆபத்து, ஒரே இனம் ஒரு பாறையில சிவப்பா இருக்கும், பக்கத்து பாறையில மஞ்சளா இருக்கும். ஸ்பிக்யூல் பாக்கணும், அதாவது உடம்புக்குள்ள இருக்குற கண்ணாடி ஊசிங்க. ஒரு பட்டாணி அளவு துண்ட சோதனைக் குழாய்ல போட்டு வீட்டு பிளீச் ஊத்துங்க, சதை கரைஞ்சு ஊசி அடியில தங்கும், மேல இருக்குற திரவத்த மெதுவா எடுத்துட்டு தண்ணியில மூணு நாலு தடவ, கடைசியா எத்தனால்ல ஒரு தடவ கழுவி, ஒரு சொட்டு ஸ்லைடுல விட்டு காய வச்சு மைக்ரோஸ்கோப்புல பாருங்க. ஃபோர்பாஸ்ல முள்ளு வச்ச ஊசியும் குட்டி நங்கூரம் மாதிரி ஒண்ணும் தெரியும், முதல் தடவ பாக்குறப்ப மனசு நிறைஞ்சுடும். சில பஞ்சுல ஊசியே இருக்காது, நார் மட்டும் தான், அப்ப பயப்படாதீங்க, நாரோட அமைப்ப பாக்கணும்.

கூடவே டிஎன்ஏ பார்கோடு, அதாவது குறிப்பிட்ட ஜீன் துண்ட படிச்சு இனத்த கண்டுபிடிக்கிறது, வழக்கமா சிஓஐ, 28எஸ்-ங்கிற ரெண்டு ஜீன எடுப்பாங்க. பஞ்சுக்குள்ள கூட்டம் கூட்டமா பாக்டீரியா இருக்கறதால பிசிஆர்ல அதோட டிஎன்ஏ ஏறி வர்றது சகஜம், வந்த சீக்வென்ஸ் பஞ்சோடது தானான்னு பாத்துட்டு நம்புங்க. கடைசி வார்த்தை ஒரு பஞ்சு வகைப்பாட்டு நிபுணரோடதா இருக்கட்டும்.

எக்ஸ்ட்ராக்ட் (சாறு) எடுக்கறது

உறைஞ்ச பஞ்ச ஃப்ரீஸ் டிரை பண்ணி, சின்னதா நறுக்கி, மெத்தனால்ல ராத்திரி முழுக்க ஊற விடுங்க, வடிகட்டி திரும்ப மெத்தனால், மூணாவது தடவ மெத்தனாலும் டைகுளோரோமீத்தேனும் சம பங்கு. எல்லாத்தையும் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டர்ல 40 டிகிரிக்கு மேல போகாம சுண்ட வைங்க, குளிர்ல வாழ்ந்த பிராணியோட மூலக்கூறுல சிலது சூடு தாங்காது. வெளிச்சம் படாம ஃபாயில் சுத்தி வைங்க.

இப்ப கையில இருக்கறதுல முக்கால்வாசி கடல் உப்பு. உப்பு செல்ல கொல்லும், அத பாத்து "ஆகா ஆக்டிவிட்டி"ன்னு சந்தோஷப்பட்டவங்கள எனக்கு தெரியும். எச்பி-20 மாதிரி ரெசின்லயோ (மூலக்கூறுகள பிடிச்சு வைக்கிற மணிங்க) சி18 நிரப்புன பிரிப்புக் குழாய்லயோ ஏத்தி, முதல்ல தண்ணி விட்டு உப்ப கழுவிட்டு, அப்பறம் மெத்தனால் அளவ படிப்படியா கூட்டி நாலஞ்சு ஃப்ராக்ஷனா, அதாவது தனித்தனி பகுதியா இறக்குங்க. ஒவ்வொண்ணையும் டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான்ல கரைச்சு 96 குழி பிளேட்ல வச்சு, பாதி மைனஸ் 80-க்கு. மொத்த எக்ஸ்ட்ராக்ட்ட நேரா சோதிக்கறத விட ஃப்ராக்ஷனா சோதிக்கறது தான் எனக்கு பிடிக்கும், ஏன்னா நச்சு ஒரு ஃப்ராக்ஷன்லயும் நல்லது இன்னொரு ஃப்ராக்ஷன்லயும் இருந்தா மொத்தமா பாக்குறப்ப செல் செத்து நல்லது மறைஞ்சே போயிடும்.

வைரஸ் சோதனை: இங்க தான் நிதானம் வேணும்

வைரஸ் வேலைக்கு உயிர்ப்பாதுகாப்பு நிலை முக்கியம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சளி பிடிக்க வைக்கிற 229இ, ஓசி43 கொரோனா வைரஸெல்லாம் நிலை 2 லேப்ல பண்ணலாம். கோவிட் வைரஸுக்கு நிலை 3. பயிற்சி முடிக்காம யாரும் உள்ள போகக் கூடாது.

முதல்ல வைரஸே இல்லாம சோதிங்க. செல்லுக்கு ஃப்ராக்ஷன 8 அளவுல குடுத்து, எந்த அளவுல பாதி செல் சாகுதுன்னு பாருங்க, அது சிசி50. அப்பறம் அதே அளவுகள வைரஸோட குடுத்து, எந்த அளவுல வைரஸ் பாதியா குறையுதுன்னு பாருங்க, அது இசி50. முதல் நம்பர ரெண்டாவதால வகுத்தா வர்றது தேர்வுக் குறியீடு. சிசி50 50 மைக்ரோமோலார் (கரைசலோட செறிவ சொல்ற அலகு), இசி50 0.5-ன்னா குறியீடு 100, நல்ல விஷயம். சிசி50 2, இசி50 1-ன்னா குறியீடு 2, அங்க வைரஸ் நின்னது செல் செத்ததால, வைரஸுக்கு குடியிருக்க வீடே இல்ல. பொதுவா 10-க்கு கீழ இருந்தா நான் நேரம் செலவழிக்க மாட்டேன்.

மைகாலமைடு கதை இதுக்கு தான். ஹெர்பிஸையும் போலியோவையும் லேப்ல அபாரமா அடக்குச்சு, கொரோனா வைரஸ் ஏத்துன எலியக் கூட காப்பாத்துச்சு, எல்லாரும் எழுந்து உக்காந்தாங்க. பாத்தா அது செல்லோட ரைபோசோம புடிச்சு புரோட்டீன் தயாரிப்பையே நிறுத்துது. வைரஸுக்கும் புரோட்டீன் வேணும், மனுஷ செல்லுக்கும் வேணும். அப்படிப்பட்ட ஒண்ணு மருந்தாகறது ரொம்ப கஷ்டம்.

எந்த செல்ல எடுக்கறோம்ங்கறதும் பெரிய விஷயம். 2020-ல குளோரோகுயின் விஷயத்துல நடந்தது ஞாபகம் இருக்கும், குரங்கு சிறுநீரக செல்லான வீரோல கோவிட் வைரஸ நல்லா தடுத்துச்சு, மனுஷ நுரையீரல் செல்லான கலு-3-ல ஒண்ணுமே பண்ணல, ஏன்னா அங்க வைரஸ் வேற வாசல் வழியா உள்ள போகுது. அதனால முதல் சல்லடைக்கு வீரோவ வச்சுக்கங்க, வாய்க்கு வந்தத சொல்றதுக்கு முன்னாடி மனுஷ நுரையீரல் செல்லுல பாத்துடுங்க.

கன்ட்ரோல் எதையும் விடாதீங்க: டிஎம்எஸ்ஓ மட்டும் (கடைசி அளவு 0.5 சதவீதத்துக்கு கீழ), வைரஸ் இல்லாத செல், தெரிஞ்ச மருந்து (ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர், கோவிட் வைரஸுக்கு ரெம்டெசிவிர்). எல்லாம் மூணு குழியில, வேற வேற நாள்ல திரும்பவும்.

பஞ்சுக்கே உரிய பொய் ரிசல்ட்டுகளும் உண்டு. பச்சையா ஒளிர்ற வைரஸ வச்சு சோதிக்கறீங்கன்னு வைங்க, ஒளி குறைஞ்சா வைரஸ் குறைஞ்சுதுன்னு மிஷின் எழுதிடும். ஆனா லட்ருங்குலியா மாதிரி அடர் நிற பஞ்சோட நிறமியே ஒளிய முழுங்கிடும், அப்ப வைரஸ் ஜம்முனு இருந்தாலும் நம்பர் அழகா வரும். அதனால பிளாக் அசே (வைரஸ் செல்ல கொன்னு உண்டாக்குற ஓட்டைங்கள எண்றது), இல்ல ஆர்டி-பிசிஆர்னு வேற வழியில ஒரு தடவ உறுதி பண்ணுங்க. சல்ஃபேட் ஒட்டுன ஸ்டீராய்டுங்க சோப்பு மாதிரி சவ்வ கரைச்சு பொய் ரிசல்ட் காட்டும். இன்னொரு வகை, கொழுப்பும் காரமும் சேர்ந்த மூலக்கூறுகள், செல்லுக்குள்ள பாஸ்போலிப்பிட்ங்கிற சவ்வுக் கொழுப்ப தேங்க வச்சு வைரஸ தடுக்கற மாதிரி காட்டும், உடம்புக்குள்ள போனா அது உதவாது. 2021-ல இதப் பத்தி பெரிய ஆய்வு வந்து, மறுபயன்பாட்டு மருந்துகள்ல (வேற நோய்க்கு இருந்தத கோவிடுக்கு முயற்சி பண்ணது) நிறைய பேரோட நம்பிக்கைய உடைச்சுச்சு.

பழசா புதுசா

நல்ல ஃப்ராக்ஷன் கிடைச்சதும் உடனே பிரிப்புக் குழாய்ல ஏத்தி பிரிக்க ஆரம்பிக்காதீங்க. எல்சி-எம்எஸ்ல (மூலக்கூறுகள பிரிச்சு எடை பாக்குற மிஷின்) ஓட்டி எடைய பாத்து, ஏற்கனவே தெரிஞ்ச மூலக்கூறான்னு தேடுங்க. ஜிஎன்பிஎஸ்ங்கிற இணைய தரவுத்தளத்துல உடைவு வடிவத்த (மூலக்கூறு மிஷின்ல எப்படி துண்டாகுதுங்கிற தரவு) ஏத்துனா சொந்தக்கார மூலக்கூறுங்க வலை மாதிரி கூட்டமா வரும். கடல் மூலக்கூறுக்குன்னே மரின்லிட்னு ஒரு தரவுத்தளம் இருக்கு, அத ஆரம்பிச்சது நியூசிலாந்து கேன்டர்பரி பல்கலைக்கழகத்துல ஜான் பிளன்ட்டும் முர்ரே மன்ரோவும், மைகாலமைடு கண்டுபிடிச்ச அதே ஆட்கள். திரும்பத் திரும்ப பழசையே கண்டுபிடிச்சு சலிச்சவங்க தான் இப்படி ஒண்ண உருவாக்க முடியும்னு எனக்கு தோணும்.

பழசா இருந்தாலும் தூக்கி எறியாதீங்க. அலோட்டாகீட்டல் சி கோவிட் சோதனைக்கு முன்னாடியே தெரிஞ்ச மூலக்கூறு, ஒளிஞ்சிருக்குற எச்ஐவிய எழுப்பி வெளிய கொண்டு வருதான்னு ஏற்கனவே பாத்துட்டு இருந்தாங்க. பழைய குப்பியில புது வைரஸுக்கு பதில் இருந்துச்சு. அதனால தான் நான் ஃப்ரீசர் லிஸ்ட்ட சொத்து பத்திரம் மாதிரி பாதுகாக்க சொல்றேன்.

பிரிச்சு, அமைப்ப கண்டுபிடிக்கறது

புதுசா தெரிஞ்சா எச்பிஎல்சி, அதாவது அதிக அழுத்தத்துல கரைசல தள்ளி மூலக்கூறுகள தனித்தனியா பிரிக்கிற மிஷின். ஒவ்வொரு பிரிவுக்கு அப்பறமும் திரும்ப வைரஸ் சோதனை, எந்த பீக்ல (மிஷின் வரைபடத்துல மூலக்கூறு தெரியற மேடு) வேலை இருக்கோ அத மட்டும் தொடருங்க. நடுவுல ஆக்டிவிட்டி காணாம போச்சுன்னா மூலக்கூறு உடைஞ்சிருக்கலாம், இல்ல ரெண்டு சேர்ந்து வேலை செஞ்சிருக்கலாம், பக்கத்து ஃப்ராக்ஷன்கள சேர்த்து ஒரு தடவ பாருங்க. கடைசியில ஒரு மில்லிகிராம் கிடைச்சாலே நல்ல என்எம்ஆர் மிஷின்ல (காந்தப் புலத்துல வச்சு எந்த அணு எதோட சேர்ந்திருக்குன்னு காட்டறது) அமைப்பு எடுத்துடலாம்: ப்ரோட்டான், கார்பன், காசி, எச்எஸ்க்யூசி, எச்எம்பிசின்னு அதுல வகை வகையான சோதனை, அதோட துல்லிய எடைக்கு மாஸ் ஸ்பெக். குளோரோஃபார்ம்ல லேசா அமிலம் இருக்கும், அமிலத்துக்கு உடையற மூலக்கூறுன்னா ராத்திரி மிஷின்ல விட்டுட்டு காலையில வந்து பாத்தா வேற மூலக்கூறு இருக்கும், அதனால சந்தேகம் இருந்தா வேற கரைப்பான். கிறிஸ்டல் வளர்ந்தா எக்ஸ்ரே, அதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

அடுத்து எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும். மருந்த வைரஸுக்கு முன்னாடி, கூடவே, 2 மணி கழிச்சு, 6 மணி கழிச்சுன்னு குடுத்து பாத்தா, வைரஸ் உள்ள போற கட்டத்துல தடுக்குதா, பெருகுற கட்டத்துலயான்னு தெரியும். ஆரம்பத்துல சொன்ன கனடா ஆய்வுல அந்த மூணு மூலக்கூறும் வைரஸ தாக்காம மனுஷ செல்லோட பக்கம் வேலை செய்யுது. வைரஸ் மாறுற வேகத்துக்கு நம்ம செல் மாறாது, அதனால டெல்டாவுக்கும் ஒமிக்ரான் வகைகளுக்கும் சேர்த்தே வேலை செஞ்சுச்சு. அதே காரணத்தால பக்க விளைவு பத்தின கேள்வியும் பெருசு, எலியில பாக்காம யாரும் குதிக்கக் கூடாது.

இன்னும் கொஞ்சம் வேணும்னா?

வேரியோலின் கதைய இங்க சொல்றேன். அன்டார்க்டிகாவுல எடுத்த அந்த பஞ்சுல ஹெர்பிஸையும் போலியோவையும் அடக்கற சரக்கு இருந்துச்சு, திரும்ப போய் அதே பஞ்ச எடுத்தப்ப அது இல்ல. இன்னைக்கு வேரியோலின் பி வேணும்னா லேப்ல செய்யணும். பல சமயம் மூலக்கூற செய்யறது பஞ்சே இல்ல, உள்ள குடியிருக்குற பாக்டீரியா. மைகேலி பஞ்சுல அப்படித்தான், ஒண்ணுக்கு மேல பாக்டீரியா ஆளுக்கு ஒரு மூலக்கூறு செய்யுதுன்னு 2020-ல காட்டுனாங்க. குடித்தனக்காரர் மாறுனா சரக்கும் மாறிடும். எங்க எப்ப எந்த ஆழத்துலன்னு நான் மேல அவ்வளவு அழுத்துனதுக்கு காரணம் இது தான்.

அளவு பிரச்சனைய புரிஞ்சிக்க புற்றுநோய் பக்கத்து கணக்கு ஒண்ணு போதும். நியூசிலாந்து கைகோரா கடல்ல ஒரு டன் லிசோடென்டோரிக்ஸ் பஞ்ச அள்ளி, கிடைச்ச ஹாலிகோண்ட்ரின் பி சுமார் 300 மில்லிகிராம். ஒரு டன்னுக்கு ஒரு சிட்டிகை. அந்த வழி எந்த கடலுக்கும் தாங்காது. அந்த மூலக்கூற பாதியா சுருக்கி முழுக்க லேப்ல செஞ்சு தான் எரிபுலின் 2010-ல புற்றுநோய் மருந்தாச்சு. அதனால அமைப்பு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு சிந்தெசிஸ் கெமிஸ்ட்ட கூப்புட்டு "இத செய்ய முடியுமா, எந்த பாகத்த வெட்டலாம்"னு கேளுங்க. இன்னொரு பக்கம் பஞ்சோட மெட்டாஜீனோம (பஞ்சும் உள்ள இருக்குற பாக்டீரியாவும் சேர்ந்த மொத்த டிஎன்ஏ) எடுத்து, செய்யற பாக்டீரியாவோட ஜீன் கூட்டத்த தேடுங்க. கயித்துல கட்டி கடல்லயே பஞ்சு வளக்கறதும் நியூசிலாந்துல பண்ணி பாத்திருக்காங்க, ஆராய்ச்சி அளவுக்கு அது உதவும்.

பேப்பர் எழுத உக்காரறதுக்கு முன்னாடி வவுச்சர ஒரு மியூசியத்துல குடுத்து நம்பர் வாங்கிடுங்க, சீக்வென்ஸ ஜென்பேங்க்ங்கிற பொது டிஎன்ஏ தரவுத்தளத்துல ஏத்துங்க, என்எம்ஆரோட மூலத் தரவ படமா இல்லாம ஃபைலாவே வெளிய வைங்க, சிசி50-ய இசி50-க்கு பக்கத்துலயே அதே டேபிள்ல போடுங்க. சாம்பிள் எடுத்த கடலோட சொந்தக்காரங்களுக்கு ஒரு காப்பி, அவங்களுக்கு புரியற பாஷையில ஒரு பக்க விளக்கத்தோட அனுப்புங்க.